ஊர்ப் பெயரும் உழைப்பாளர் உரிமையும்

நிலத்துக்கு எல்லைக் கல் உண்டு. தறிக்கும் தோட்டத்துக்கும் உரியவர் உண்டு. ஆனால் ஓர் ஊரின் பெயருக்கு உரியவர் யார்? காஞ்சிபுரம் என்றதும் பட்டும், பவானி என்றதும் ஜமக்காளமும், கொல்லிமலை என்றதும் மிளகும் நினைவுக்கு வருகின்றன. இப்புகழ் ஒரு நாளில் உண்டானதன்று. பல தலைமுறை நெசவாளரும் குடியானவரும் நாணயமாகத் தந்த சரக்கினால் விளைந்தது. அப்பெயரை எவரும் எடுத்துத் தம் சரக்கின்மீது ஒட்டிக்கொள்ளலாமா என்பது உலக நாடுகள் ஜினீவாவில் பல்லாண்டுகளாக நடத்திவரும் வழக்கு. குண்டூர் நாட்டுக் குடியானவரின் மிளகு மூட்டையைப் பற்றிய வழக்கும் அதுவே.

ஒரே உடன்படிக்கை, இரண்டு பூட்டுகள்

1994 ஏப்ரலில் மொராக்கோவின் மாரகேஷ் நகரில் கையொப்பமாகி, 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்புடன் நடைமுறைக்கு வந்தது அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை. அதன் 22-வது பிரிவு எல்லாப் பொருள்களின் ஊர்ப் பெயர்களையும் காக்கிறது. 23-வது பிரிவோ திராட்சை மதுவுக்கும் வடித்தெடுத்த மதுவகைகளுக்கும் மட்டுமே உரிய தனிப் பாதுகாப்பு.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்துக்கு வெளியே செய்த மதுக் குப்பியில் 'ஷாம்பேன் மாதிரி' என்று எழுதுதலும் ஆகாது; உண்மையில் செய்த ஊரை அருகிலேயே அச்சிட்டிருந்தாலும் ஆகாது. பழைய வழக்கிலுள்ள பெயர்களுக்குச் சில விலக்குகள் உண்டெனினும், பொதுவிதி இதுவே. வாங்குவோர் ஏமாந்தனர் என்று மெய்ப்பிக்கும் சுமை இங்கே இல்லை. ஆனால் அயல்நாட்டு ஆலையொன்று விசைத்தறித் துணிக்குக் 'காஞ்சிபுரம் மாதிரி' என்று சீட்டு ஒட்டி, ஓரத்தில் தன் ஊரையும் குறித்துவிட்டால் நிலைமை வேறு. மக்கள் ஏமாற்றப்பட்டனர், அல்லது வாணிபம் முறைகேடானது என்று நம் தரப்பினரே மெய்ப்பித்தாக வேண்டும். கடல் கடந்து வழக்காட எத்தனை நெசவாளர் சங்கங்களால் இயலும்?

மதுவுக்கு இரும்புப் பூட்டும் பட்டுக்கு மரப் பூட்டும் அமைந்தது பொருளின் தன்மையால் அன்று, பேரத்தினால். 1986 முதல் நடைபெற்ற உருகுவே சுற்றுப் பேச்சில் ஐரோப்பிய நாடுகள் தம் மது வட்டாரங்களுக்காக உறுதியாக நின்று வேண்டியதைப் பெற்றன.

தோகாவும் அதன் பின்பும்

2001 நவம்பரில் தோகாவில் கூடிய அமைச்சர்கள் இரண்டு செய்திகளை எடுத்துக்கொண்டனர். மதுவகைகளின் பெயர்களுக்குப் பல நாடுகளுக்கும் பொதுவான பதிவேடு அமைத்தல் ஒன்று. 23-வது பிரிவின் பாதுகாப்பைப் பிற பொருள்களுக்கும் விரித்தல் மற்றொன்று. பதிவேட்டுப் பேச்சை அடுத்த மாநாட்டுக்குள் முடிப்பதாக இருந்தது. 2003 செப்டம்பரில் கான்கூனில் கூடிய அம்மாநாடு உடன்பாடின்றிக் கலைந்தது. 2008 ஜூலையில் இந்தியா, ஐரோப்பிய ஒன்றியம், சுவிட்சர்லாந்து, பிரேசில், சீனா உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இரண்டையும் சேர்த்துக் கோரின. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா முதலிய நாடுகள் இசையவில்லை. முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

எதிர்ப்போர் கூற்றையும் கேட்டல் நன்று. குடிபெயர்ந்த மக்கள் தம் தொழிலோடு ஊர்ப் பெயரையும் எடுத்துச் சென்றனர். அப்பெயர்கள் புதிய நாட்டில் பொதுச் சொற்களாகிவிட்டன. இப்போது மாற்றச் சொன்னால் செலவும் குழப்பமும் விளையும் என்பர். இதில் உண்மையில்லாமல் இல்லை. பொதுச் சொல்லாகிவிட்ட பெயரை மீட்பது அரிது. ஆகவே, அந்நிலை வருமுன் காப்பதே அறிவுடைமை.

தாமதத்தின் விலை

இதற்கு நம் நாட்டு வழக்கொன்று சான்று. 'பீட்டர் ஸ்காட்' என்ற இந்திய விஸ்கியின் பெயரை எதிர்த்து ஸ்காட்லாந்து விஸ்கிச் சங்கத்தார் வழக்காடினர். அச்சரக்கு 1968 முதல் விற்பனையில் இருந்தது. சங்கத்தாருக்கு 1974-லேயே செய்தி தெரிந்திருந்தும், 1986-ல்தான் பதிவைத் திருத்தக் கோரினர். 2008 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இந்தக் காலதாழ்வையும் கருதி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெருஞ்செல்வம் படைத்த சங்கத்துக்கே இந்நிலையெனில், எளிய சங்கங்கள் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

தன் நாட்டில் காக்கப்படாத பெயரைப் பிற நாடுகள் காக்க வேண்டியதில்லை என்பது அதே உடன்படிக்கையின் விதி. நம் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில் உள்ளது. முதற் பதிவு டார்ஜிலிங் தேயிலை. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவான பெயரை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. தனியொருவர் கைக்குச் செல்லாமல் குழுவின் உடைமையாகவே நிற்பதால், இது கூட்டுறவுக்கு மிகப் பொருந்திய சொத்து. மேலும், மதுவுக்குரிய கூடுதல் பாதுகாப்பைப் பிற பொருள்களுக்கும் அறிவிக்கை மூலம் வழங்க மத்திய அரசுக்கு இச்சட்டம் இடமளிக்கிறது. ஜினீவாக் கதவு அடைபட்டிருப்பினும் நம் வீட்டுக் கதவு திறந்தேயிருக்கிறது.

மலையின் கணக்கு

விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்கு மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்பே பதிவு பெற்றது. 2023-ல் பதிவான சேலம் ஜவ்வரிசிக்கு முன்னின்றது சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம். ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொல்லிமலையிலிருந்தும் மரவள்ளிக் கிழங்கு செல்கிறது. சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. ஆனால் கிழங்கு ஆலை வாசலை அடைந்ததும் அது விளைந்த மலையின் பெயர் மறைந்துவிடுகிறது. பெயரில்லாத சரக்குக்கு விலை கூறுபவர் வாங்குபவரே.

மிளகின் நிலை வேறு. அதற்குப் பெயர் உண்டு. ஆயினும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கும் மூட்டை, சமவெளிக் கிடங்கில் வேற்று மிளகுடன் கலக்குமாயின், பெயரின் ஆதாயம் கலந்தவருக்கும், பழி மலைக்கும் சேரும். பதிவுச் சான்று மட்டும் இதைத் தடுக்காது. எந்த நாட்டில் எவர் தோட்டத்தில் விளைந்தது, எப்போது பறித்தது, எவ்வளவு உலர்ந்தது என்னும் கணக்கு சங்கத்தில் இருத்தல் வேண்டும். தரம் பிரித்து, மூட்டையை மலையிலேயே கட்டி முத்திரையிடுதல் வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும், பெயர் பதிவாகியிருக்குமிடத்து, அதைப் பயன்படுத்த உரிமை பெற்றவராகத் தம்மையும் பதிந்துகொள்ளுதல் வேண்டும். கலப்படம் செய்பவர் நம்மவராயினும் சங்கம் கண்டித்தே ஆகவேண்டும். தறியில் கலப்பு இழையை ஒளித்து நெய்வதும் மிளகில் பப்பாளி விதையைக் கலப்பதும் ஒரே குற்றம். இரண்டும் அயலார் உழைப்பின் புகழைத் திருடுவனவாம்.

உலக நாடுகள் உடன்பட எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நாளை ஒரு நடுவர் முன் நம் பெயருக்காக நிற்க நேரின், நம்மிடம் கேட்கப்படுவது சங்கத்தின் கணக்குப் புத்தகமே. அதனை இன்றே எழுதத் தொடங்குவோமாக!