சர்வரும் கடைமடை வாய்க்காலும்

மேட்டூர் அணை திறந்தும் கடைமடைக்கு நீர் எட்டவில்லையெனில், தஞ்சை உழவர் அணையை இடிக்கச் சொல்வதில்லை. வாய்க்கால் நெடுக நடந்து, அடைப்பு எங்கே என்று பார்ப்பார். இயக்க அமைப்பை உயர்த்தியபின் மென்பொருள்களைப் புதுப்பிக்க மறுக்கும் சர்வரையும் இவ்வாறே அணுக வேண்டும். பலர் எடுத்த எடுப்பில் யாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகின்றனர்!

சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சுக்கு அடிப்படை, டெபியன் என்னும் இயக்க அமைப்பு. இதன் மென்பொருள்கள் பொதிகளாகத் தொலைதூரக் கணிப்பொறிகளில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. இவற்றைக் களஞ்சியங்கள் என்பர். (நெற்களஞ்சியத்தில் வாழும் நமக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.) களஞ்சியங்களின் முகவரிப் பட்டியல் நம் சர்வரில் இருக்கும்.

டெபியன் 10-இன் பெயர் 'பஸ்டர்'. 2021 ஆகஸ்டில் வெளிவந்த 11-இன் பெயர் 'புல்ஸ்ஐ'. பட்டியலில் பழைய பெயருக்குப் பதில் புதியதை எழுதினால் போதும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான கிளையின் பெயரமைப்பே அப்போது மாறிவிட்டது. 'பஸ்டர்/அப்டேட்ஸ்' என்றிருந்தது, 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' ஆயிற்று. பெயரை மட்டும் மாற்றியவர்களுக்கு அந்த ஒரு வரியில் '404' என்ற விடை வந்தது. கேட்ட இடத்தில் கேட்டது இல்லை என்பது இதன் பொருள்.

மற்ற வரிகள் ஒழுங்காக இயங்குவதால், இதை விட்டுவிடத் தோன்றும். விடலாகாது. மாணவர் மதிப்பெண்களை வைத்திருக்கும் கல்லூரிச் சர்வரில் திருடர் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள், அந்த வரியின் வழியாகத்தான் வருகின்றன.

முகவரிகள் சரியாக இருந்தும் தகராறு தொடர்கிறதா? மேம்படுத்தும்போது மின்சாரம் நின்றிருந்தால், சில பொதிகள் அரைகுறையாக நிற்கும். அவற்றை அமைத்து முடிக்குமாறு 'டிபிகேஜி' நிரலுக்குக் கட்டளையிட்டு, பிறகு மீண்டும் முயலுங்கள்.