கூடுதல் வாரண்டி பெற்றும் பழுது நீங்கவில்லையா? வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம்

அம்பர்நாத்: மும்பை மாட்டுங்காவில் உள்ள கடையில் சலவை இயந்திரம் வாங்கி, தானே மாவட்டம் அம்பர்நாத்தில் உள்ள வீட்டில் பயன்படுத்தும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் அது பழுதானால், பணம் செலுத்திப் பெற்ற கூடுதல் வாரண்டி கைகொடுக்குமா என்பது, வாங்கிய நாளில் எதைப் படித்தோம், எதைப் பத்திரப்படுத்தினோம் என்பதையே பெரிதும் பொறுத்தது.

தனி ஒப்பந்தம்

தயாரிப்பாளரின் வாரண்டி பொருளின் விலையிலேயே அடங்கிவிடும். கூடுதல் வாரண்டி என்பது தனிக் கட்டணத்தில் பெறும் தனி ஒப்பந்தம். அதை வழங்குவது தயாரிப்பாளராகவோ, கடையாகவோ, வேறொரு நிறுவனமாகவோ இருக்கலாம். மழைநீர் புகுவதாலும், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் ஏற்படும் சேதங்களைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. எனவே, விலக்குகளைப் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

எந்த நாளில் தொடக்கம்?

வாரண்டி பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. வல்லுநர் வந்து பொருத்த வேண்டிய சாதனங்களுக்கு, பொருத்திய நாளிலிருந்து வாரண்டியைத் தொடங்குமாறு 2024 பிப்ரவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நிறுவனங்களை வலியுறுத்தியது.

நல்ல சேவையின் அடையாளம்

பழுது, மாற்றிய உதிரிபாகம், கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் தருவதே நல்ல சேவையின் முதல் அடையாளம். ரசீது, வாரண்டி அட்டையுடன் ஒவ்வொரு முறையும் பெறும் பணிச் சீட்டையும் சேர்த்து வைத்தால், ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவதை நிரூபிக்க இயலும். பழுதுபார்ப்பு குறித்த தகவல்களை நுகர்வோர் ஒரே இடத்தில் பெற, 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தை மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது.

சேவை மறுக்கப்பட்டால்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்ப வேண்டும். பலன் இல்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் இச்சேவை கிடைப்பதால், மும்பை வட்டாரத் தமிழர்கள் தமிழிலேயே முறையிடலாம்.

அதன் பிறகும் தீர்வு இல்லையெனில், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருள் வாங்கிய ஊருக்கே செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்கிறது. அதன்படி, மாட்டுங்காவில் வாங்கிய இயந்திரத்துக்காக அம்பர்நாத் குடும்பம் தானே மாவட்டத்திலேயே முறையிடலாம்.

செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. எனினும், பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.