ஒரு காதில் மட்டும் சத்தம் வருகிறதா? ஹெட்செட்டைக் குப்பையில் போடும் முன்...

கணினி விளையாட்டுக்கென்று பிள்ளைகள் கேட்டு வாங்கிய ஹெட்செட், பல வீடுகளில் இன்று விளையாட்டோடு நிற்பதில்லை. மகன் அதில்தான் இயங்கலை டியூஷன் கேட்கிறான். மகள் அதை மாட்டிக்கொண்டுதான் வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேசுகிறாள். திடீரென ஒரு நாள் இடது காதில் சத்தம் நின்றுவிடுகிறது. வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. உடனே புதிது வாங்கும் பேச்சு தொடங்கிவிடும். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 170 ரிங்கிட் ஹெட்செட் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. பழுதோ பெரும்பாலும், தலைமுடி கனமுள்ள ஒரு செம்புக் கம்பி அறுந்ததுதான்.

அதைச் சரிசெய்ய எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் கத்தியை எடுக்கக் கூடாது. வீட்டில் செய்யும் பழுதுபார்ப்பு பாதியில் கெட்டுப்போவதற்கு முதல் காரணமே இந்த அவசரம்தான்.

முதலில் உத்தரவாத அட்டையைப் பார்க்க வேண்டும். காலம் இருந்தால் ஹெட்செட்டைப் பிரிக்காமல் கடைக்கே கொண்டுபோவது நல்லது, பிரித்துவிட்டால் கடைக்காரருக்கு மறுக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும். கடை தட்டிக்கழித்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகவே பொதுவாகக் கருதப்படும். கேபிளைத் தனியாகக் கழற்றக்கூடிய ஹெட்செட்டாக இருந்தாலும் வேலை சுலபம். அதே வகைக் கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினால் போதும்.

இரண்டும் இல்லையென்றால்தான் சோதனை. ஹெட்செட்டை வேறொரு திறன்பேசியிலோ மடிக்கணினியிலோ மாட்டிக் கேட்க வேண்டும். அங்கே நன்றாகக் கேட்டால் குறை கணினியில். சட்டைப்பையில் கிடக்கும் திறன்பேசியின் துளையில் பஞ்சுத் தூசி அடைந்து பிளக் முழுதாக இறங்காமல் இருப்பதும் உண்டு. வயரின் நடுவே இருக்கும் ஒலி கூட்டும் சக்கரத்தை உருட்டும்போது மட்டும் கரகரவென்றால் கோளாறு அந்தச் சக்கரத்தில்தான், வயரில் இல்லை.

அடுத்து, பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பிளக்கின் கழுத்திலிருந்து தொடங்கி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு முறை வயரை மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் வந்து வந்து போகும் இடத்தில் செல்லோடேப் சுற்றி அடையாளம் வைக்கலாம். பெரும்பாலும் அது பிளக்கின் கழுத்தாகவோ, வயர் காதுக்கூட்டுக்குள் நுழையும் இடமாகவோ இருக்கும். ஓயாமல் வளைவது அந்த இரண்டு இடங்கள்தாம்.

சில நேரம் இரண்டு காதிலும் சத்தம் வரும், ஆனால் பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போய், வாத்தியங்கள் எங்கோ கிணற்றுக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும். ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அறுந்தது இரண்டு காதுக்கும் பொதுவான ‘கிரவுண்ட்’ கம்பி. அது போனால், இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதுக்கு வரும். குரல் பொதுவாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓம் அளவில் வைத்து, பிளக்கின் நுனியையும் கிரவுண்ட் வளையத்தையும் தொட்டால் இடது காதின் அளவு தெரியும். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் அது 32 ஓம் அளவில் இருக்கும். தொடும்போது காதில் ‘டக்’ என்று சிறு சத்தமும் கேட்கும். எண்ணும் வராமல், சத்தமும் வராமல் இருந்தால் கம்பி அறுந்திருக்கிறது.

பழுது பிளக் பக்கம் என்றால் தேவைப்படுபவை: நான்கு தொடுமுனை உள்ள 3.5 மில்லிமீட்டர் பிளக் ஒன்று (மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும்), சோல்டரிங் அயர்ன், சோல்டர் ஈயம், சூடுபட்டால் சுருங்கும் டியூப். இரண்டு வளையம் மட்டும் உள்ள பிளக்கை வாங்கினால் மைக் வேலை செய்யாது. கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளிலும், சிங்கப்பூரில் சிம் லிம் டவரிலும் இவை கிடைக்கும். தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் இணைய அங்காடியில் வாங்கலாம்.

அடையாளம் வைத்த இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல வயர் இருக்கும் பக்கம் வெட்ட வேண்டும். வெட்டியதும் செய்ய வேண்டியது, புதிய பிளக்கின் மூடியையும் சுருங்கும் டியூப்பையும் வயரில் கோத்துவிடுவது. ஈயம் வைத்து முடித்த பிறகு மூடி மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தால், மறுபடியும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

மேலுறையைச் சீவினால் உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறம், இன்னொரு நிறம் என்று மெல்லிய கம்பிகள் தெரியும். பலரும் தோற்பது இங்கேதான். அந்த நிறம் வெறும் சாயமல்ல, கம்பிகள் ஒன்றோடொன்று பட்டாலும் மின்சாரம் தாவாமல் தடுக்கும் மெல்லிய அரக்குப் பூச்சு. செம்பு நிறத்தில் இருப்பதிலும் நிறமில்லாத பூச்சு இருக்கலாம். அதன்மேல் ஈயம் ஒட்டாது, முறுக்கிவைத்தாலும் மின்சாரம் ஓடாது. இரண்டு கம்பியை முறுக்கி டேப் சுற்றும் வைத்தியம் பலிக்காததற்குக் காரணம் இதுதான். பிளேடால் சுரண்டினால் கம்பியே அறுந்துவிடும். லைட்டரில் காட்டினால் கரி பிடித்துக்கொள்ளும். சிறந்த வழி, சூடான அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி ஒரு துளியாக நிறுத்தி, கம்பியின் முனையை அதற்குள் சில விநாடி நுழைத்து வைப்பது. லேசாகப் புகை கிளம்பி, முனை வெள்ளிபோல் பளபளத்தால் பூச்சு எரிந்து ஈயம் பிடித்துவிட்டது. கம்பிகளோடு நைலான் நூலும் கலந்திருக்கும். அதைப் பிரித்து நறுக்கிவிட வேண்டும்.

பச்சை இடது காது, சிவப்பு வலது காது, செம்பு நிறம் கிரவுண்ட், மிஞ்சியது மைக் என்பது வழக்கம். ஆனால் இதை எல்லா நிறுவனங்களும் பின்பற்றுவதில்லை. மல்டிமீட்டரால் தொட்டு, எந்தக் காதில் ‘டக்’ கேட்கிறது என்று பார்த்து எழுதிவைத்துக்கொள்வது பாதுகாப்பு. பிளக்கில் நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது கிரவுண்டுக்கு, மூடியை ஒட்டியது மைக்குக்கு. இன்றைய திறன்பேசிகளும் விளையாட்டுக் கன்ட்ரோலர்களும் இந்த வரிசையைத்தான் எதிர்பார்க்கின்றன. சில பழைய கைப்பேசிகளில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும்.

ஈயம் வைக்கும்போது ஒரு முனையில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு காட்டக் கூடாது. பிளக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி, தொடுமுனைகள் கோணிவிடும். முடிந்ததும் பிளக்கில் இருக்கும் பிடியை வயரின் மேலுறைமீது இறுக்கினால், இழுப்பை உறை தாங்கும், கம்பி தாங்க வேண்டியிருக்காது. மூடியைத் திருகும் முன் ஒரு முறை மாட்டிக் கேட்டுவிட வேண்டும்.

காதுக்கூட்டுப் பக்கம் அறுந்திருந்தால் புதிய பிளக் தேவையில்லை. மெத்தைப் பட்டையை மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் திருகாணிகள் தெரியும். எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று முதலில் திறன்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதியை வெட்டிவிட்டு, மீதி வயரை உள்ளே விட்டு அதே இடங்களில் ஈயம் வைக்கலாம். கூட்டுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் இழுபடாது. அறுந்தது வயரின் நடுவே என்றால், நான்கு ஒட்டும் ஒரே இடத்தில் அமையாமல் ஏறுக்கு மாறாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி டியூப் போட வேண்டும்.

யுஎஸ்பி ஹெட்செட்டில் கூடுதல் கவனம் வேண்டும். அதன் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் ஓடுகிறது, கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று தொடவில்லை என்று மல்டிமீட்டரில் உறுதிசெய்யாமல் கணினியில் சொருகக் கூடாது. வயரில்லா ஹெட்செட்டில் லித்தியம் பேட்டரி இருப்பதால் அதன் கூட்டைப் பிரிப்பது வீட்டு வேலையல்ல.

அயர்ன் நுனி சுமார் 350 பாகை சூட்டில் இருக்கும். சாதாரண சோல்டரில் ஈயம் கலந்திருப்பதால் சாப்பாட்டு மேசையைத் தவிர்த்து, சன்னல் திறந்த இடத்தில், சின்னப் பிள்ளைகள் அருகில் இல்லாதபோது செய்வது நல்லது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். படிவம் மூன்று, நான்கு படிக்கும் பிள்ளைகள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கத் தாராளமாக இதைக் கற்றுக்கொள்ளலாம். நல்ல ஹெட்செட்டில் கைவைக்கும் முன், எறியக் கிடக்கும் பழைய இயர்போன் ஒன்றை வெட்டி, அரக்குப் பூச்சை எரித்து ஈயம் பிடிக்கவைப்பதை மட்டும் ஐந்தாறு முறை பழகினால் கை படிந்துவிடும்.

சரிசெய்த வயர் மறுபடி அறாமல் இருக்க, பிளக்கைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கையே பிடித்து இழுக்க வேண்டும், கன்ட்ரோலரைச் சுற்றி வயரை இறுக்கிக் கட்டி வைக்கவும் கூடாது. நாற்காலிச் சக்கரம் உருளும் பாதையில் வயர் கிடக்கிறதா என்பதையும் ஒரு முறை குனிந்து பார்த்துவிடலாம்.