தவறிய அந்த ஓர் அடி

தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களின் பக்கம் மாலையில் போயிருக்கிறீர்களா? ரப்பர் மரம் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கும். லயத்து வீடுகளில் பாதி காலியாக இருக்கும். ஆனால் கோயில் அங்கேயே இருக்கும். அதன் பந்தலில் உறுமி மேளப் பயிற்சியும் நடக்கும். கல்லுமலைக்குக் காவடி எடுப்பவர்களோடு நடந்துகொண்டே வாசிக்க வேண்டுமே!

அப்படியொரு குழுவில் என் படிவம் நான்கு மாணவன் ஒருவன் உறுமி வாசிக்கிறான். போன ஆண்டு ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் என்னிடம் வந்து, "டீச்சர், தினமும் ரெண்டு மணி நேரம் அடிக்கிறேன், கை வரல. மத்தவங்களுக்கு அது பிறவியிலேயே இருக்கு" என்றான். குழுவை விட்டு விலகிவிடப் போகிறானாம்.

இரண்டு மணி நேரம் என்பது குறைவான உழைப்பு இல்லை. ஆகவே, அந்த நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கப் போனேன். முதலிலிருந்து வாசித்தான். தாளம் வேகமெடுக்கும் இடத்தில் இடக்கையின் வளைந்த குச்சி தோலில் தேய்வது பிந்தியது. "சே!" என்று முகம் சுளித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். அதே இடம், அதே தவறு. நன்றாக வரும் பகுதியை இருபது முறை சரியாக வாசித்தான். வராத பகுதியை இருபது முறை தவறாக வாசித்தான்.

சிறந்த கலைஞர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் தம் குழுவினரோடு பெர்லின் இசைக் கல்லூரியில் ஆராய்ந்தார். 1993இல் வெளிவந்த அந்த ஆய்வில் வயலின் மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். 18 வயதுக்குள் தனியாகப் பயிற்சி செய்த நேரம், மிகச் சிறந்தவர்களுக்குச் சராசரியாக 7,410 மணி. அடுத்த பிரிவினருக்கு 5,301 மணி. இசை ஆசிரியராகப் படித்தவர்களுக்கு 3,420 மணி. இவை மாணவர்கள் நினைவிலிருந்து சொன்ன கணக்குகள். "பத்தாயிரம் மணி நேரம் செய்தால் மேதையாகலாம்" என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பேச்சு இந்த ஆய்விலிருந்து கிளம்பியதுதான். அப்படியொரு மாய எண்ணை எரிக்சன் சொல்லவே இல்லை. பிழை எங்கே என்று அறிந்து அதைத் திருத்தும் பயிற்சியைப் பற்றித்தான் அவர் பேசினார்.

எனக்கு இதைவிடப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 2009இல் வெளியானது, அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடைய குழுவினரும் நடத்தியது. பியானோ மாணவர்கள் 17 பேரிடம் கடினமான ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, விரும்பும் நேரம்வரை பயிற்சி செய்யச் சொன்னார்கள். மறுநாள் ஒவ்வொருவரும் அதை 15 முறை வாசிக்க வேண்டும். முதலிடங்களைப் பிடித்தவர்கள் அதிக நேரம் உட்கார்ந்தவர்களா? இல்லை. அதிக முறை வாசித்தவர்களா? அதுவும் இல்லை. தொடக்கத்தில் அவர்களும் மற்றவர்களைப் போலவே தவறு செய்தார்கள். ஆனால் தவறியதும் நின்றார்கள். எந்த இடம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டை மட்டும் வேகம் குறைத்து, சரியாகி நிலைக்கும்வரை வாசித்தார்கள்.

வேகம் குறைப்பதால் என்ன ஆகிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 120 தாள அடி, ஒவ்வோர் அடிக்குள்ளும் நான்கு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 8 தட்டு. அதாவது ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 125 மில்லிநொடிதான். ஓர் ஒலியைக் கேட்டுக் கை அசைவதற்கு மனிதருக்குச் சுமார் 150 மில்லிநொடி தேவை. தவறிய ஒலி காதில் விழுந்து, மூளைக்குப் போய், கைக்குக் கட்டளை வருவதற்குள் அடுத்த தட்டு முடிந்துவிடுகிறது! வேகத்தைப் பாதியாக்கினால் இடைவெளி 250 மில்லிநொடியாகும். இப்போது காதுக்கும் கைக்கும் பேசிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. தவற்றை அப்படியே திரும்பத் திரும்பச் செய்தால், மூளை அந்தத் தவறான அசைவையே பழகிக்கொள்ளும். அதற்குச் சரி எது, தவறு எது என்று தனியாகத் தெரியாது.

நம் இசை மரபு இதை மில்லிநொடி அளக்காமலே அறிந்திருந்தது. சரளி வரிசையை முதல் காலத்தில் பாடி, பிறகு இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டிப்பாக்கிச் சாதகம் செய்கிறார்கள். மிருதங்கம் கற்பவர் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகிய பிறகே கையால் வாசிக்கிறார். செம்மங்குடி சீனிவாச ஐயரின் கதையைப் பாருங்கள். சிறு வயதில் அவருடைய கரகரத்த குரலைக் கேட்ட கஞ்சிரா வித்வான் ஒருவர், வயலின் கற்றுக்கொள்வதே மேல் என்று சொன்னாராம். அவர் பாட்டை விடவில்லை. 1947இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.

இதற்காகப் பயிற்சியே எல்லாம் என்று சொல்ல மாட்டேன். 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 21 விழுக்காட்டைத்தான் பயிற்சியின் அளவால் விளக்க முடிந்தது. மீதியில் தொடங்கிய வயது, ஆசிரியர், பிறவிக் கூறுகள் எனப் பலவும் கலந்திருக்கலாம். ஆனால் உங்கள் கையில் இருப்பது பயிற்சிதான். அதையும் எப்படிச் செய்கிறீர்கள் என்பதுதான்.

தூக்கத்தை மறந்துவிடாதீர்கள். 2002இல் மேத்யூ வாக்கரின் குழு, சிலருக்கு விரல்களால் பொத்தான்களை ஒரு வரிசையில் தட்டப் பழக்கியது. ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது. அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. பெர்லினில் சிறந்த வயலின் மாணவர்களும் பகலில் சற்றே கண்ணயர்பவர்கள்தாம். நள்ளிரவு வரை ஒத்திகை நடத்தும் குழுத் தலைவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்!

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே அளவு கடினமான இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டை 15 நிமிடம் வழக்கம்போல முழுதாக வாசியுங்கள். இரண்டாவதையும் 15 நிமிடம்தான். ஆனால் தவறிய இடத்தில் நின்று, பாதி வேகத்தில் திருத்துங்கள். மறுநாள், கையைச் சூடாக்கும் முன்பே, இரண்டையும் பத்துப் பத்து முறை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து, சரியாக வந்தவற்றை எண்ணுங்கள். அன்றே எண்ணக் கூடாது. பயிற்சி முடிந்த சூட்டில் எல்லாமே நன்றாகத்தான் வரும்.

என் மாணவன் இதை மூன்று வாரம் செய்தான். குறிப்புப் புத்தகத்தில் கட்டம் போட்டு நிரப்பினான். முதல் நாள் பத்துக்கு 2, மூன்றாம் வாரம் பத்துக்கு 8. தைப்பூசத்தன்று குழுவோடு நடந்து வாசித்தான். வேறோர் இடத்தில் இன்னும் இடறுகிறது என்கிறான். ஆனால் இப்போது "கை வரல" என்று சொல்வதில்லை. "மூணாவது தட்டு பிந்துது டீச்சர்" என்கிறான்.