ஜெஃப்ரி பாவா வட்டமும் இலங்கை வீட்டுக் கலையும்

இலங்கை 1948-இல் விடுதலை பெற்றபின், வீடு, தோட்டம், துணி, அன்றாடப் பொருட்கள் ஆகியவற்றில் அந்நாட்டின் அழகுணர்வை மாற்றியவர்களில் ஜெஃப்ரி பாவாவும் அவருடன் இணைந்து பணியாற்றிய கலைஞர்களும் முதன்மையானவர்கள். மேல்நாட்டு வீட்டை அப்படியே பின்பற்றாமலும், பழைய வீட்டை அப்படியே திரும்பக் கட்டாமலும், மழையும் வெயிலும் மிகுந்த நாட்டுக்கேற்ற புதிய வாழிடத்தை உருவாக்க முடியுமா என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி.

முன்னோடி

இந்தக் கேள்வியைப் பாவாவுக்கு முன்பே எழுப்பியவர் மினெட் டி சில்வா (1918–1998). கண்டியில் 1951-இல் நிறைவடைந்த கருணாரத்ன இல்லத்தில் நவீனக் கட்டட முறையோடு தும்பறை நெசவு, அரக்கு வேலை போன்ற உள்ளூர்க் கைவினைகளையும் அவர் சேர்த்தார். கைவினைஞரைக் கட்டடப் பணியில் பங்காளியாக்கிய இம்முயற்சிக்கு அவர் வாழ்ந்த காலத்தில் உரிய கவனம் கிடைக்கவில்லை.

தோட்டத்திலிருந்து கட்டடக்கலைக்கு

ஜெஃப்ரி பாவா (1919–2003) முதலில் வழக்கறிஞராகப் பயின்றவர். 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கி, அதற்கு லுனுகங்கை எனப் பெயரிட்டார். அதைத் தாம் எண்ணியபடி அமைக்கத் தொழில்நுட்ப அறிவு போதாது என உணர்ந்து, இலண்டனில் கட்டடக்கலை பயின்று, 1957-இல், தம் 38-ஆம் வயதில் தகுதி பெற்றார்.

லுனுகங்கையில் பூப்பாத்திகளை விடப் பார்வைக்கே முதலிடம். வீட்டிலிருந்து நோக்குபவரின் கண் தொலைவிலுள்ள நீர்ப்பரப்புக்குத் தடையின்றிச் செல்வதற்காகக் குன்றின் முகடு தாழ்த்தப்பட்டது. மரங்கள், நிழல், வெட்டவெளி, நீர் ஆகியவையே அங்கே சுவரும் அறையுமாகின்றன. இப்பணி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது. அவருடைய அண்ணன் பெவிஸ் பாவாவும் (1909–1992) களவிலையில் பிரீஃப் என்னும் தோட்டத்தை உருவாக்கியவர்.

முற்றம் மீண்டும் வந்தது

கொழும்பில் வீட்டு மனைகள் சுருங்கிவந்த காலம் அது. மனையின் நடுவில் வீட்டைக் கட்டிச் சுற்றிலும் இடம் விடும் குடியேற்றக் கால முறையில், அந்த இடம் எதற்கும் பயன்படாத ஒடுங்கிய சந்தாகிவிடும். பாவா மனையின் எல்லையிலேயே மதிலை எழுப்பி, திறந்தவெளியை வீட்டுக்குள் கொண்டுவந்தார். முற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழுந்து வெளியேறும். வெளிச்சமும் தனிமையும் ஒருசேரக் கிடைக்கும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளிலும் சிங்கள வளவுகளிலும் நெடுங்காலம் வழங்கிய அறிவு இதுவே. 1962-இல் முடிவுற்ற எனா டி சில்வா இல்லம் இதற்குச் சிறந்த சான்று.

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அக்காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கண்ணாடியும் எஃகும் அரிதானபோது செங்கல், கருங்கல், மரம், ஓடு ஆகியவை முன்னுக்கு வந்தன. நெளிவுடைய சிமெந்துத் தகடுகளின்மேல் நாட்டு ஓடுகளைப் பதிக்கும் முறையையும் பாவா பரவலாக்கினார். தகடு மழையைத் தடுக்க, ஓடு வெப்பத்தைக் குறைத்தது.

துணி, நிறம், சமையல்

எனா டி சில்வா (1922–2015) 1960-களில் பத்திக் கலைக்குப் புத்துயிர் அளித்தார். துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களில் மெழுகு பூசி, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்குவது இக்கலை. பாவா வடிவமைத்த பெந்தோட்டை கடற்கரை விடுதியின் வரவேற்புக் கூடத்து உட்கூரையை அவருடைய பத்திக் துணிகளே அலங்கரித்தன. பின்னர் மாத்தளைக்கு அருகிலுள்ள தம் குடும்ப ஊரான அலுவிகாரையில், ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் வருவாய் ஈட்டுவதற்காகப் பத்திக், தையல், மரவேலை, பித்தளை வார்ப்புப் பட்டறைகளை அமைத்தார். உள்ளூர்க் கறி வகைகளை விருந்தினருக்குப் பரிமாறும் சமையற்கூடமும் அங்கே இயங்கியது.

பார்பரா சன்சோனி (1928–2022) கைத்தறியில் பெண்களுக்கு வாழ்வாதாரம் அளிக்கும் முயற்சியில் ஈடுபட்டு, பேர்ஃபுட் நிறுவனத்தை வளர்த்தார். பளிச்சென்ற நிறங்களை அடுத்தடுத்து வைக்கும் அவருடைய கோடுகள் திரைச்சீலை, மேசைவிரிப்பு, சேலை, பொம்மை எனப் பல பொருட்களில் இடம்பெற்றன.

தமிழகத் தொடர்பு

1970-களின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு மன்றத்துக்கான கட்டடத்தைப் பாவா வடிவமைத்தார். இன்று அது ஹெரிடேஜ் மதுரை என்னும் விடுதியின் பகுதியாக உள்ளது.

மதிப்பீடு

இவ்வட்டத்தின் ஆக்கங்களில் பல வசதி படைத்தோரின் வீடுகளும் சுற்றுலா விடுதிகளுமே. எளிய மக்களின் கலைகளிலிருந்து பெற்ற அழகு, விலை கூடி அவர்களுக்கே எட்டாமல் போனது என்ற குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. எனினும் முற்றம், ஓட்டுக்கூரை, தாழ்வாரம் ஆகியவற்றைப் பழமையின் அடையாளமாகக் கருதிய மனநிலை மாறியதில் இவர்களின் பங்கு பெரிது. தறிக்கும் பட்டறைக்கும் கிடைத்த வேலை மற்றொரு பயன்.

இந்த மரபைக் காப்பதும் எளிதாக இல்லை. எனா டி சில்வா இல்லம் நின்ற மனை விற்கப்பட்டபோது, கட்டடம் அழியும் நிலை ஏற்பட்டது. கதவு, தூண், கல் என ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணிட்டு அதைப் பிரித்தெடுத்து, லுனுகங்கைக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினர்.