பனிக்கட்டியும் வெப்பம் தருமா?

மார்கழிப் பின்னிரவில் சுப்ஹுத் தொழுகைக்கு எழும் முதியோர்க்கு, ஒளூச் செய்ய ஒரு குவளை வெந்நீர் எத்துணை ஆறுதல் என்பதை இல்லத்தரசிகள் நன்கறிவர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் வெந்நீருக்காக விறகும் மின்சாரமும் செலவாகின்றன. வெயில் காயும் நேரம் வேறு. வெந்நீர் வேண்டும் நேரம் வேறு. எனவே, வெப்பத்தைப் பெறுவதைவிட அதைச் சேமித்து வைப்பதே பெரிய வினா.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற குளிர்நாடுகளில் சில வீடுகள் இதற்கு வியப்பான வழியைக் கையாள்கின்றன. நிலத்தடித் தொட்டியில் நிரப்பிய நீருக்குச் சூரியத் தகடுகள் வெப்பமூட்டுகின்றன. குளிர்காலத்தில் 'ஹீட் பம்ப்' என்னும் கருவி அவ்வெப்பத்தை உறிஞ்சி வீட்டினுள் செலுத்த, தொட்டி நீர் மெல்ல உறைகிறது. ஒரு கிலோ நீர் உறைகையில் 80 கிலோ கலோரி வெப்பத்தை வெளிவிடும். அதே நீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமான வெப்பம் அது! நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதும் இதே முறையில்தான்.

அறையைச் சூடாக்கும் தேவை நமக்கில்லை. பனிக்கட்டித் தொட்டியும் வேண்டியதில்லை. நமக்கேற்ற பாடம் அருகிலேயே உள்ளது. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில், சூரிய சமையற்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் அகலக் கிண்ண வடிவக் கண்ணாடி நிறுவப்பட்டது. வெயிலைக் குவித்து, ஏறத்தாழ ஆயிரம் பேருக்குச் சமைக்கத்தக்க நீராவியைத் தருவதே அதன் நோக்கம். மேகமூட்ட நாட்களுக்கெனத் துணைக்கு டீசல் கொதிகலனும் வைக்கப்பட்டது. வெயிலை நம்பலாம்; ஆனால் மாற்று வழியும் வேண்டும் என்பதே அதிலுள்ள படிப்பினை.

இனி வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்கச் சாதாரண மின் கீசருக்குச் சுமார் 2.3 யூனிட் மின்சாரம் வேண்டும். ஹீட் பம்ப் வகைக்கு அதில் மூன்றிலொரு பங்களவே போதும். மாடியில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலனுக்கு வெயில் நாட்களில் மின்சாரமே வேண்டாம். பகலில் சூடான நீரை, வெப்பம் கசியாத உறையிட்ட அதன் தொட்டி மறுநாள் அதிகாலைவரை காத்துத் தரும்.

வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள். மாடியில் நிழல் விழாத இடம் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு மிகுதியாயின் குழாய்களில் படிவு சேரும். அவ்வப்போது துப்புரவு செய்தல் அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு மாற்று ஏற்பாடும் இருக்கட்டும்.

நாள்தோறும் மாடியில் வீணாகும் வெயிலைச் சேமிக்கக் கற்றால், அடுப்புப் புகையும் குறையும். மின் கட்டணமும் குறையும்.