பனிக்கு மருந்து

தென்காசியில் நான் மருந்துக்கடை வைத்த முதல் மார்கழி. காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்ததும் கைக்குழந்தையோடு ஓர் அம்மா வந்தார். "சேட்டா, மோனு பனியாணு" என்றார். "ஆமாம்மா, மார்கழி பொறந்துட்டா இங்க பனி கூடத்தான்" என்றேன். அவர் கண் கலங்கக் குழந்தையை என் பக்கம் நீட்டினார். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அனுப்பிவைத்தேன்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளம்; செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் இந்தச் சொல் எனக்குத் தெரியாமல் போனதே என்று அன்றைக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி அகராதியைப் புரட்டினேன். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். பனியில் நிற்கிறவருக்கும் உடம்பு நடுங்கும், காய்ச்சல் கண்டவருக்கும் நடுங்கும். நாம் உடம்பு காய்வதைப் பார்த்துக் காய்ச்சல் என்றோம். மலைக்கு மேற்கே நடுக்கத்தைப் பார்த்துப் பனி என்றார்கள். இங்கே விழுகிற பனிக்கு அங்கே மஞ்ஞு என்று பேர். நம் இலக்கியத்தில் மஞ்சு என்றால் மேகம். அன்று முதல் இப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி, நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. மருந்துப் பெட்டிகளோடு ஒரு நிவாரண முகாமுக்குப் போயிருந்தேன். புனலூரிலிருந்து குடிநீர் பாட்டில்களோடு ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்த பையன் ஆசையாக, "வெள்ளம் வந்நு!" என்று கூவினான். மூலையில் படுத்திருந்த ஆச்சி பேரனை வாரி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாதீங்க ஆச்சி, குடிக்கத் தண்ணி கொண்டு வந்திருக்காவ." அவர் உடம்பு நடுங்கி அடங்க வெகுநேரம் ஆனது.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். பெருகி வந்தால் வெள்ளப்பொக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர்களும் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்றே சொல்வார்கள்.

சம்சாரம் என்ற வடசொல்லையும் பாருங்கள். மூலத்தில் அது பிறப்பு இறப்புச் சுழல். நமக்கு மனைவி. கோவில்பட்டி கரிசலில் சம்சாரி என்றால் விவசாயி. மலையாளிக்குச் சம்சாரம் என்றால் பேச்சு. அவசரம் நமக்கு விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. "மந்துலு அவசரம்" என்று ஒரு தெலுங்கு லாரி ஓட்டுநர் சொன்னால், மருந்து வேண்டும் என்கிறார் என்றுதான் பொருள்.

இவையெல்லாம் பிரிந்துபோன சொந்தங்கள். சில சொற்கள் முகஜாடையில் மட்டும் ஒத்திருக்கும். இந்திக்காரரின் பானி நம் பனிக்கு உறவில்லை. பருகுதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது அது. கோயில் திருவிழாவில் நமக்குக் கொடுக்கிற பானகம்தான் அதற்கு உடன்பிறப்பு.

சொந்தம் எது, வெறும் ஜாடை எது என்று பிரித்துப் பார்க்க வழிகாட்டிய கால்டுவெல் வாழ்ந்ததும் நம் நெல்லைச் சீமையில்தான். இடையன்குடியில் வாழ்ந்த அவர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சொற்களின் ஒலி ஒப்புமையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நான், நீ என்கிற பெயர்களும் எண்ணுப்பெயர்களும் வினைச்சொல்லின் அமைப்பும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தார். மொழிகளின் உறவு அங்கேதான் தெரியும்.

அடுத்த வீட்டு மொழி நமக்குப் புரியும் என்ற நினைப்பு வரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். தெரியாத சொல்லென்றால் அர்த்தம் கேட்போம். தெரிந்த சொல்லென்றால் கேட்க மாட்டோம். அந்த அம்மாவிடம் நான் கேட்கவில்லை.

இப்போது கடையில் என் மகன் நிற்கிறான். அந்த நோட்டை அவனிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பனி என்று எழுதி, பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நெற்றியைத் தொட்டுப் பார்."